இந்தியாவில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய போர் நினைவிடம் எது?

கோஹிமா. நாகாலாந்தின் தலைநகரிலேயே, கேரிசன் ஹில் என்ற குன்றின் சரிவில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம்.

அங்கே கீழே நிற்கும் பெரிய நினைவுக்கல்லில், "நீங்கள் வீடு திரும்பும்போது எங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம்" என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. உலகப் புகழ் பெற்றது. பலர் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து மேலே ஏறுங்கள். இந்த நினைவிடத்தின் பெருமையே அது சண்டை நடந்த அதே மண்ணில் இருப்பதுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 மார்ச்சில் ஜப்பானியப் படை பர்மாவிலிருந்து சிந்த்வின் ஆற்றைத் தாண்டி வந்தது. மணிப்பூரின் இம்பாலில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைக்குச் சரக்கு போனது திமாப்பூர் சாலை வழியாக. அந்தச் சாலையை மறித்தாற்போல் இருக்கும் ஊர் கோஹிமா. ஏப்ரல் முதல் வாரத்தில் ஜெனரல் சாட்டோவின் 31-வது டிவிஷன் ஊரைச் சூழ்ந்துகொண்டது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படைக்கு எதிரே, குன்றில் பிரிட்டிஷ் இந்தியத் தரப்பில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 1,500 பேர். ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாலியன், அசாம் ரெஜிமென்ட், அசாம் ரைபிள்ஸ், அப்புறம் அங்கங்கே கிடைத்த சிறு சிறு அணிகள்.

அசாம் ரெஜிமென்ட் அப்போது மூன்று வயதுகூட நிரம்பாத படைப்பிரிவு. கோஹிமாவுக்குக் கிழக்கே ஜெஸ்ஸாமி, கராசோம் என்ற இரண்டு இடங்களில் எதிரியை முதலில் தடுத்து நிறுத்தியது அவர்கள்தான். "கடைசி ஆள் வரை" என்பது உத்தரவு. பிறகு பின்வாங்கச் சொல்லிப் போன உத்தரவு கராசோமுக்குப் போய்ச் சேரவில்லை. நிலைமை கைமீறியதும் அங்கிருந்த கேப்டன் யங் தன் வீரர்களை அனுப்பிவிட்டு, தான் மட்டும் அங்கேயே இருந்து உயிரை விட்டார். கோஹிமா தயாராகக் கிடைத்த அந்தச் சில நாட்களுக்கு இவர்கள் கொடுத்த விலையை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

குன்றில் பாதி ஏறியதும் ஒரு டென்னிஸ் மைதானம் வரும். துணை ஆணையர் பங்களாவுக்குச் சொந்தமானது. பங்களா போரிலேயே தரைமட்டமாகிவிட்டது. மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளை கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். சண்டையின்போது ஒரு ஓரத்தில் ஜப்பானியர், மறு ஓரத்தில் குன்றைக் காத்தவர்கள். கையெறி குண்டை வீசினால் தாராளமாகப் போய் விழும் தூரம். வரைபடத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், அந்தக் கோட்டருகே நின்றபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குடிநீர் ஆதாரம் எதிரி கையில் போய்விட்டதால் தண்ணீருக்கு ரேஷன். இரவில் தவழ்ந்து போய் ஒரு ஊற்றில் பிடித்து வந்தார்கள். காயம்பட்டவர்கள் படுத்திருந்த குழிகளிலேயே மறுபடியும் குண்டு விழுந்தது. ஏப்ரல் 18-ல் முதல் உதவிப் படை வந்து சேர்ந்தது, அதில் பஞ்சாப் ரெஜிமென்ட் வீரர்கள் இருந்தார்கள். சாலை முழுவதும் திறக்க ஜூன் 22 ஆனது.

இங்கே 1,420 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் சிறிய வெண்கலத் தகடு: பெயர், படைப்பிரிவு, பெரும்பாலும் வயதும். சிலவற்றில் அடியில் வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. இருபது, இருபத்தொன்று என்று வயதைப் படித்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் நகர முடியாது.

தோட்டத்தின் உச்சியில் தகன நினைவுச் சின்னம். தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கானது. கல்லறை இல்லாததால் இவர்களுக்கு மிஞ்சியது பெயர் மட்டும்தான். நம் ஊர்க்காரர்கள் முதலில் போக வேண்டிய இடம் இது என்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானியரோடு இந்தப் போர்முனைக்கு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கான நினைவிடம் மணிப்பூரில், லோக்தாக் ஏரிக்கரையில் உள்ள மொய்ராங்கில் இருக்கிறது. முடிந்தால் ஒரே பயணத்தில் இரண்டையும் பாருங்கள்.

நாகாலாந்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், ஆன்லைனிலேயே வாங்கலாம். ரயிலோ விமானமோ, திமாப்பூரில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் மலைப்பாதை. கோஹிமாவுக்குப் பக்கத்தில் கிசாமாவில் இந்தப் போருக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டுக் குன்றில் ஏறினால் எல்லாம் இன்னும் தெளிவாகப் புரியும்.