ஜெனரிக் கிளாஸை எக்ஸ்டென்ட் செய்யும்போது ஏன் பிழை வருகிறது?

எந்த வகைப் பொருளை (டைப்) வைக்கும் என்பதைப் பிறகு முடிவு செய்ய, 'டி' (T) போன்ற ஒரு பெயரால் இடம் விட்டு எழுதிய கிளாஸ்தான் ஜெனரிக் கிளாஸ். அதிலிருந்து சேய் கிளாஸை உருவாக்குவது எக்ஸ்டென்ட். ஜாவாவில் 'பழக்கூடை எக்ஸ்டென்ட்ஸ் பெட்டி<டி>' என்று எழுதினால் 'டி' யாரென்று தெரியவில்லை எனக் கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து மாற்றும் மென்பொருள்) சொல்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். காரணம், அந்த டி தாய் கிளாஸுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். சேய் கிளாஸ் 'பெட்டி<மாம்பழம்>' என்று டைப்பை முடிவு செய்ய வேண்டும், அல்லது 'பழக்கூடை<டி>' என்று தானும் அறிவித்து மேலே அனுப்ப வேண்டும். வெறும் 'பெட்டி' என்றும் விடலாம். கம்பைல் ஆகும், ஆனால் டைப் பாதுகாப்பு, அதாவது தவறான வகைப் பொருளைக் கம்பைலர் தடுப்பது, போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்புறம், பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. மாம்பழம் பழத்தின் சேய்தான். ஆனால் பெட்டி<மாம்பழம்>, பெட்டி<பழம்> ஆகாது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஒருவர் மாம்பழப் பெட்டியைத் தருகிறார் என்று வையுங்கள். அதை 'எந்தப் பழமும் போடலாம்' என்ற பெட்டியாக ஏற்றால் யாரோ முள் நிறைந்த டுரியான் பழத்தைப் போட்டுவிடுவார். மாம்பழம் என்று நம்பி எடுப்பவர் கையில் முள் குத்தும். கம்பைலர் தடுப்பது இதைத்தான்.

பழங்களை எடுக்க மட்டும்தான் வேண்டுமென்றால் 'பெட்டி<? எக்ஸ்டென்ட்ஸ் பழம்>' என்று வாங்குங்கள். பழமோ அதன் ஏதோ ஒரு சேயோ என்று அதற்குப் பொருள். மாம்பழப் பெட்டியும் அதற்குப் பொருந்தும். ஆனால் அதன் வழியாக உள்ளே எந்தப் பழமும் போட முடியாது.