போர்க்கோடரி நிஜமாகவே அவ்வளவு கனமா? சண்டையில் எப்படி வீசினார்கள்?

கணினி விளையாட்டில் வரும் இரட்டை அலகுக் கோடரியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். அவ்வளவு பெரிய இரும்பைத் தூக்கினால் நாலு வீச்சில் தோள் கழன்றுவிடும்!

நிஜப் போர்க்கோடரி மெலிந்தது. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஆட்டு எலும்பை வெட்டும் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். பல போர்க்கோடரிகளின் அலகு அந்த மாதிரி மெலிசுதான். விறகுக் கோடரிக்கு மரத்தைப் பிளக்கத் தடித்த ஆப்பு வடிவம் வேண்டும். உடம்பை வெட்ட அது தேவையில்லை.

வைக்கிங் காலத்து டேனியக் கோடரியின் காம்பு ஒரு மீட்டருக்கும் மேல், எடையோ பெரும்பாலும் 1 முதல் 2 கிலோ. இரண்டு கையும் அதிலேயே இருப்பதால் கேடயம் பிடிக்க முடியாது. பக்கத்தில் கேடயக்காரர் நின்றால் நல்லது. 1066 ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கிலேய வீரர்கள் பலர் இதை ஏந்தினார்கள்.

வெட்டுவது மட்டுமே வேலையில்லை. அலகின் கீழ்முனையை எதிராளியின் கேடய விளிம்பிலோ முழங்காலுக்குப் பின்னாலோ மாட்டி இழுக்கலாம். ஆனால் வீச்சு தவறினால் மீள நேரமாகும், அங்கேதான் ஆபத்து.

1314இல் ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் போரில், குதிரையில் ஈட்டியோடு பாய்ந்து வந்த ஆங்கிலேய வீரர் ஹென்றி டி போகனுக்கு ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் ஒதுங்கி வழிவிட்டு, கோடரியால் ஒரே அடியில் அவர் தலையைக் கவசத்தோடு பிளந்தார். காம்பும் முறிந்தது.

15ஆம் நூற்றாண்டில் முழு உலோகக் கவசம் பரவியபோது வெட்டு பலிக்கவில்லை. எனவே கோடரியோடு சுத்தியலும் கூர்முனையும் சேர்ந்தன. அதைச் சிலம்பம்போல் இரு முனையாலும் ஆடினார்கள்.