'மூடிவிட்டார்கள்' என்று எழுதாதீர்கள்

கேள்வி: பாராளுமன்றத்தைத் தேதி குறிப்பிடாமல் மூடிவிட்டார்கள் என்கிறது செய்தி. நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் செத்துப்போகுமா?
— வாசகர், குலசேகரம்

பதில்: 'மூடிவிட்டார்கள்'! இந்தச் சொல்லோடுதான் எனக்குத் தீராத வழக்கு. மூடியது யார், எதுவரை என்ற இரண்டையும் அது விழுங்கிவிடுகிறது. செய்தி எழுதுகிறவர்கள் திருந்தும்வரை விடப்போவதில்லை.

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவிலிருந்து கேட்கிறீர்கள். விடை அங்கேயே இருக்கிறது. விடியலில் பால் வெட்டி, சிரட்டைப் பாலை ஊற்றி எடுத்துவிட்டு, அடுத்த வெட்டுவரை மரத்தை விடுகிறோமே, அது ஒத்திவைப்பு. தை, மாசியில் இலை உதிரும்போது வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுப்பது கூட்டத்தொடர் முடித்துவைப்பு. மரத்தையே முறித்து விற்று மறுநடவு செய்வது கலைப்பு. வெட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்ததும் 'மரம் போச்சு' என்று குலசேகரத்தில் யாராவது சொல்வார்களா?

ஒத்திவைப்பு அவைத்தலைவர் கையில். நாளைக் குறித்தும் செய்வார், குறிக்காமலும் செய்வார். குறிக்காவிட்டாலும் கூட்டத்தொடர் உயிரோடுதான் இருக்கும்; அவரே மறுபடி கூட்டலாம். பஞ்சாப் சபாநாயகர் 2023 மார்ச்சில் ஒத்திவைத்த பேரவையை ஜூன் 19, 20-இல் அப்படித்தான் கூட்டினார். அது செல்லும் என்று நவம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

முடித்துவைப்பது குடியரசுத் தலைவர், அதாவது அவருக்கு ஆலோசனை சொல்லும் அமைச்சரவை. கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும்வரை, அவைகளில் நிறைவேற்றாமலே அரசு கொண்டுவரும் அவசரச் சட்டத்தைப் போட முடியாது. ஒன்றை முடித்துவைத்தால் போதும், வழி திறந்துவிடும். 2015 பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில், மார்ச் 28-இல் மாநிலங்களவையை மட்டும் முடித்துவைத்தார்கள். ஏப்ரல் 3-இல் நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டம் மறுபடி வந்தது. 'மூடிவிட்டார்கள்' என்று எழுதினால் இந்த ஆறு நாள் யார் கண்ணில் படும்?

மசோதாவுக்கு வருகிறேன். ஒத்திவைப்பிலும் சாகாது, முடித்துவைப்பிலும் சாகாது. அரசியல் சட்டத்தின் 107ஆம் பிரிவு காக்கிறது. சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பால் ஓய்வுக்காலத்திலும் விலை போகும் அல்லவா? முடித்துவைத்தால் காலாவதியாவது உறுப்பினர்கள் கொடுத்த நோட்டீஸ்கள்தான். அதிலும் மசோதா அறிமுகத்துக்கு அனுமதி கேட்ட நோட்டீஸ் தப்பிவிடும்.

மக்களவை கலைந்தால் கதை வேறு. அங்கே நிலுவையில் உள்ளதும், அங்கே நிறைவேறி மாநிலங்களவையில் காத்திருப்பதும் போய்விடும். மாநிலங்களவையில் தொடங்கி, மக்களவைக்குப் போகாமல் நிற்பது பிழைக்கும். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவைப் பாருங்கள். 1996, 1998, 1999 என்று மூன்று முறை மக்களவையில் கொண்டுவந்தார்கள். கலைப்பில் மூன்றும் போயின. 2008-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்ததால் 2009 கலைப்பைத் தாண்டியது. 2010 மார்ச் 9-இல் அங்கே நிறைவேறி மக்களவைக்கு வந்தது, நான்கு ஆண்டு கிடந்தது, 2014 கலைப்போடு செத்தது. நிறைவேறியதே அதற்கு ஆபத்தாக முடிந்தது என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

ஒத்திவைப்பு என்றதும் அமளியைத்தான் நினைக்கிறோம். 2020 செப்டம்பர் 14-இல் நம் கன்னியாகுமரி மாவட்ட மக்களவை உறுப்பினர் எச். வசந்தகுமாருக்கும், முன்னாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜிக்கும் அஞ்சலி செலுத்தி மக்களவை ஒரு மணி நேரம் எழுந்துபோனதே, அதுவும் ஒத்திவைப்புதான். அன்றைக்கு 'மூடிவிட்டார்கள்' என்று எழுத யாருக்காவது கை வந்திருக்குமா?