தெரிந்த குரல்களுக்கு நடுவே

காட்டுப் பறவைகளைத் தேடுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டுக்கு அருகிலுள்ள காட்டுக்கு இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாள்தோறும் சென்று வருகிறேன். அதே காட்டில் அரிய ஆந்தையையும் அரிய மரங்கொத்தியையும் பார்த்ததாகப் பிறர் சொல்கிறார்கள். என் கண்ணில் படுபவையெல்லாம் வழக்கமான பறவைகளே. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் அதிகம் நடக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குப் பறவைகளை எச்சரித்துக்கொண்டே போகிறோம். சருகு மிதிபடும் ஓசை நமக்குப் பழகிவிட்டது, ஆனால் தரையில் இலைகளைப் புரட்டி இரை தேடிக்கொண்டிருக்கும் ஆறுமணிக்குருவிக்கு அது ஓடி ஒளிவதற்கான அறிவிப்பு.

அடுத்த முறை செல்லும்போது அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்குள் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பட்டுப்போய் இன்னும் விழாமல் நிற்கும் ஒரு மரம், பழுத்திருக்கும் ஓர் ஆலோ அத்தியோ, நீர் தேங்கும் ஒரு பள்ளம். ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடமாவது அசையாமல் உட்காருங்கள். நீங்கள் வந்ததும் அடங்கிய குரல்கள் முதல் சில நிமிடங்களுக்குத் திரும்ப மாட்டா. பிறகு துணிச்சலான பறவைகள் பேசத் தொடங்கும், அவை பேசுவதைக் கேட்டுத்தான் கூச்சமுள்ளவை வெளியே வரும். பட்ட மரத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதன் பட்டைக்கடியில் புழுக்கள் இருக்கும், மரங்கொத்தி அதில் பொந்து குடையும், மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்தில் தாமாகப் பொந்து குடைய முடியாத சிறு ஆந்தைகளும் ஈப்பிடிப்பான்களும் குடியேறும். பட்ட மரங்களைக் ‘குப்பை’ என்று வெட்டி அகற்றிய காடுகளில் இந்தப் பறவைகள் அனைத்தும் ஒன்றாகக் குறைவது இதனால்தான். ஆகவே ஒரு காட்டில் அரிய பறவை இருக்குமா என்று அறிய நான் முதலில் எண்ணிப் பார்ப்பது பட்ட மரங்களைத்தான்.

வழக்கமான பறவைகளையே பார்க்கிறோம் என்று வருந்தவும் வேண்டாம். போர்னியோ தீவின் காடுகளில் ஒரு சிலம்பன் இனம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடம் செய்து வைத்த ஒரே ஓர் உடலைத் தவிர, 170 ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பற்றி எந்தச் சான்றும் இல்லாதிருந்தது. 2020இல் அங்கே காட்டுப் பொருள்கள் சேகரிக்கும் உள்ளூர்க்காரர்கள் இருவர், தாங்கள் அறியாத ஒரு பறவையைப் பிடித்து, படமெடுத்து, விடுவித்தார்கள். அது அந்தச் சிலம்பனேதான். பாடம் செய்த உடலில் மஞ்சள் கண்ணாடி விழி பொருத்தப்பட்டிருந்தது, உயிருள்ள பறவையின் விழியோ கருஞ்சிவப்பாக இருந்தது. அவர்கள் எந்த அரிய பறவையையும் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் காட்டின் வழக்கமான பறவைகள் அவர்களுக்கு அத்துப்படி என்பதால், வழக்கமில்லாத ஒன்று கையில் வந்ததும் அது வேறு என்று தெரிந்தது. உங்கள் இரண்டு ஆண்டு உழைப்பும் அந்தத் திசையில்தான் சென்றுகொண்டிருக்கிறது. இன்னும் ஓர் ஆண்டு அதே அரைக் கிலோமீட்டருக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எந்த நேரத்தில், எந்தப் பருவத்தில் செல்வது நல்லது?

பதில்: வெளிச்சம் பரவுவதற்கு அரை மணி முன்பே உட்கார்ந்துவிடுங்கள். சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டின் பேச்சில் பெரும்பகுதி முடிந்துவிடும், மாலையில் சிறிது மீளும். காற்று பலமாக வீசும் நாளில் வீட்டிலேயே இருக்கலாம், ஏனென்றால் இலைகளின் இரைச்சலில் மெல்லிய குரல் எதுவும் காதுக்கு எட்டாது. மாறாக, மழை விட்ட காலைப்பொழுதைத் தவறவிடாதீர்கள். இலையுதிர்க்கும் காடாக இருந்தால், துளிர் விடுவதற்கு முந்தைய சில வாரங்கள் பொன்னானவை, கிளைகள் வெறுமையாக இருப்பதோடு பல பறவைகள் இணை தேடிக் குரலெழுப்பும் காலமும் அதுவே.

கேள்வி: குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியை நம்பலாமா? எனக்குப் பறவைக் குரல்கள் பிடிபடுவதே இல்லை.

பதில்: கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் வெளியிடும் மெர்லின் செயலியில் 2021 முதல் குரலறியும் வசதி இருக்கிறது. கற்றுக்கொள்ள அது மிக நல்ல துணை. ஆனால் அது சொல்லும் பெயரை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு குரல் வந்த திசையில் பறவையைத் தேட வேண்டுமே தவிர, பெயர் திரையில் வந்ததையே பறவையைக் கண்டதாக எழுதக் கூடாது. துடுப்புவால் கரிச்சான் இருக்கும் காடென்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும், அது மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எழுப்பும். அருகே அந்தக் குரலுக்குரிய பறவை இல்லாதபோதும் அதன் குரல் வந்துகொண்டிருக்கும்.

குரல்கள் பிடிபடவில்லை என்றால் மரங்கொத்தியிலிருந்து தொடங்குங்கள். அது மரத்தில் எழுப்பும் ஓசை இரண்டு வகை. இரை தேடும்போது கொத்துவது ஒழுங்கில்லாமல், இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, நான்கு தட்டு என்று வரும். எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் காய்ந்த கிளையில் முழக்குவது வேறு, அது சீராக, தனித்தனித் தட்டாகப் பிரிக்க முடியாத வேகத்தில் உருளும். இந்த முழக்கத்தைக் கொண்டே இனத்தைப் பிரித்தறியவும் முடியும். ஐரோப்பியக் காடுகளில் பெரும் புள்ளி மரங்கொத்தி பரவலானது, ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவே உள்ள சிறு புள்ளி மரங்கொத்தி பல இடங்களில் அரிதாகிவிட்டது. பெரியதன் முழக்கம் சுமார் அரை விநாடியில் பலமாகத் தொடங்கிச் சட்டென்று அடங்கும். சிறியதன் முழக்கம் மெலிந்தது, ஒரு விநாடிக்கும் மேல் ஒரே சீராக நீளும். உயரக் கிளைகளிலேயே திரியும் அந்தச் சிறு பறவையைத் தேடுபவர்கள், குளிர்காலத்தின் இறுதியில், இலைகள் வருமுன், இந்த ஒரு வேறுபாட்டுக்காகக் காது கொடுத்து நிற்கிறார்கள்.

கேள்வி: சில சமயம் அரை மணி நேரம் காடே காலியாக இருக்கிறது. திடீரென்று பத்து, பதினைந்து பறவைகள் ஒன்றாக வந்து, நான் தொலைநோக்கியைச் சரிசெய்வதற்குள் போய்விடுகின்றன. அப்போது என்ன செய்வது?

பதில்: நீங்கள் பார்ப்பது கலப்பு இரைதேடும் கூட்டம். அரிய பறவையைத் தேடுபவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது. பல இனங்கள் சேர்ந்து போவதால் வல்லூறைக் காணும் கண்கள் கூடுகின்றன, ஒரு பறவை கிளப்பிவிடும் பூச்சியை இன்னொன்று பிடிக்கிறது. தென்னாசியக் காடுகளில் இந்தக் கூட்டங்களின் காவலாளியாகப் பெரும்பாலும் கரிச்சான் இருக்கும், அதன் எச்சரிக்கைக் குரலுக்கு எல்லாமே அடங்கும். மிதவெப்ப நாடுகளின் குளிர்காலக் காடுகளில் பட்டாணிக் குருவிகள் கூட்டத்தின் நடுநாயகமாக இருக்கும்.

கூட்டம் வந்ததும் அதைத் துரத்தாதீர்கள். அது செல்லும் திசையைக் கணித்து, பக்கவாட்டில் சிறிது முன்னே சென்று, ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்ளுங்கள். தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து இறக்கி, வெறுங்கண்ணால் முழு மரத்தையும் பாருங்கள். நிறத்தைத் தேடுவதைவிட, அசைவில் எது மாறுபடுகிறது என்று தேடுவதே பலன் தரும். எல்லாம் இலைநுனியில் துள்ளும்போது ஒன்று மட்டும் தண்டை ஒட்டி ஊர்கிறதா? தலைகீழாக இறங்கினால் அது பசையெடுப்பான், அடிமரத்திலிருந்து சுற்றிச் சுற்றி மேலே மட்டும் ஏறினால் அது மரமேறி வகை, விறைத்த வாலை மரத்தில் ஊன்றி நின்றால் மரங்கொத்தி. அப்படி ஒன்றைக் கண்ட பிறகு தொலைநோக்கியைத் தூக்குங்கள். கூட்டத்தின் கடைசிப் பறவை போய்விட்டது என்று தோன்றிய பிறகும் ஐந்து நிமிடம் இருங்கள், பின்தங்கி வரும் ஒற்றைப் பறவைதான் நான் தேடியதாக இருந்தது பலமுறை நடந்திருக்கிறது. ஒருமுறை, கூட்டம் கடந்து சென்று அமைதி திரும்பிய பிறகு, மிக மெல்லியதாக உமி உதிர்வதுபோன்ற ஓசை கேட்டது. பட்டைத் துணுக்குகள் என் தோள்மீது விழுந்துகொண்டிருந்தன. தலைக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில், அந்தக் காட்டில் நான்கு ஆண்டுகளாகக் காணாத சிறு மரங்கொத்தி ஒன்று, நான் அங்கே நிற்பதையே அறியாததுபோல் ஒரு விரிசலை விரித்துக்கொண்டிருந்தது.

கேள்வி: பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டால் ஒளிந்திருக்கும் பறவை வெளியே வருகிறது. இரண்டு நிமிடம் ஒலிக்கவிடுவதில் என்ன கேடு?

பதில்: தன் எல்லைக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டான் என்று நம்பித்தான் அந்தப் பறவை வெளியே வருகிறது. இரை தேடவும் குஞ்சுகளுக்கு ஊட்டவும் வேண்டிய நேரத்தில், இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. திறந்த வெளியில் பறந்து நிற்கும்போது உண்மையான எதிரியின் கண்ணிலும் படுகிறது. உங்களுக்கு இரண்டு நிமிடம், ஆனால் அந்த இணையின் இருப்பிடம் பலருக்கும் தெரிந்த பிறகு, விடுமுறைக் காலை ஒன்றில் அதே இரண்டு நிமிடத்தைப் பத்துப் பேர் எடுத்துக்கொள்வார்கள். அரிய பறவை என்றாலே தேடி வருவோர் அதிகம் என்றுதான் பொருள். பல நாடுகளின் சரணாலயங்களில் இது தடை செய்யப்பட்டுள்ளது, தடை இல்லாத இடத்திலும் செய்ய வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

குரல் இல்லாமலும் ஒளிந்த பறவைகளைக் காண வழி உண்டு. ஆந்தை தங்கும் மரத்தின் அடியில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் எச்சமும், எலும்பும் மயிரும் திரண்ட உமிழ் உருண்டைகளும் கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் வாழும் தவளைவாயன், பகலில் காய்ந்த இலைக்கொத்துப்போல் அசையாமல் உட்கார்ந்திருக்கும், தொந்தரவு செய்யாவிட்டால் நாள்கணக்கில் அதே கிளைக்குத் திரும்பும். ஒரே ஒரு முட்டையிடும், பகலில் ஆண் பறவைதான் அடைகாக்கும். அதைக் கண்டால் அருகே போகாமல் திரும்பிவிடுங்கள், கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் எழுதவும் வேண்டாம்.

கேள்வி: மிக அரிதான பறவை ஒன்றை ஒரு நொடி பார்த்தேன். படம் எடுக்க முடியவில்லை. பதிவு செய்யலாமா?

பதில்: பார்த்ததைப் பதிவு செய்யுங்கள், ஊகித்ததைத் தனியாக எழுதுங்கள். காட்டிலேயே, பறவைப் புத்தகத்தைத் திறக்குமுன், குறிப்பேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்: உருவ அளவு எந்தத் தெரிந்த பறவைக்கு நிகர், எந்த உயரத்தில் எப்படி உட்கார்ந்திருந்தது, எந்தப் பகுதியில் எந்த நிறம், எந்தப் பகுதியைப் பார்க்கவே முடியவில்லை. புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதினால், பார்க்காத அடையாளங்களும் நினைவில் வந்து சேர்ந்துகொள்ளும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு இரண்டு பறவைகளின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தந்த அலகு மரங்கொத்தி, எல்லோராலும் ஏற்கப்பட்ட வகையில் கடைசியாகக் காணப்பட்டது 1944இல், லூசியானாவில், வெட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு காட்டில். 2004இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் அது மீண்டும் காணப்பட்டதாக எழுந்த செய்தி 2005இல் அறிவியல் இதழில் வெளியாகி, பெரும் தேடல் நடந்தது. ஐயத்துக்கு இடமில்லாத ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. அதே காடுகளில் சாதாரணமாக வாழும் பெரிய கொண்டை மரங்கொத்தி ஒன்று ஏறக்குறைய அதே தோற்றம் உடையது. மரத்தில் அமர்ந்திருக்கும்போது முதுகின் கீழ்ப்பாதி வெள்ளையாகத் தெரிந்தால் தந்த அலகு, முழுக்கக் கறுப்பாக இருந்தால் கொண்டை மரங்கொத்தி. ஒரு நொடியில் பறந்து மறையும் பறவையில் இந்த வேறுபாட்டை ஆசை எளிதாக அழித்துவிடும்.

இன்னொன்று, மத்திய இந்தியாவின் வனச் சிறு ஆந்தை. 1884க்குப் பிறகு அது கிடைக்கவில்லை. 1914இல் குஜராத்தில் தானே எடுத்ததாக ரிச்சர்ட் மைனெர்ட்சாகன் என்ற சேகரிப்பாளர் சீட்டு ஒட்டி வைத்திருந்த ஓர் உடல் மட்டும் இருந்தது. அது அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்ட பழைய உடல் என்பது பின்னர் தெரியவந்தது. அந்தப் பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு, மெய்யான பழைய பதிவுகளின் வழியே சென்ற பறவையியலாளர் பமேலா ராஸ்முசன் குழுவினர், 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, பட்டப்பகலில், இலையற்ற மரத்தின் உச்சியில் அது அமர்ந்திருப்பதைக் கண்டார்கள்.

ஆகவே உங்கள் குறிப்பில் ‘உறுதியில்லை’ என்ற சொல்லைத் தயங்காமல் எழுதுங்கள். அதோடு தேதி, நேரம், எத்தனை நிமிடம் இருந்தீர்கள், அன்று கண்ட எல்லாப் பறவைகளும், எதுவும் காணாத நாட்கள் உட்பட, அனைத்தையும் எழுதி வையுங்கள். பிறகு அடுத்த நான்கு காலைகளில் அதே நேரத்துக்கு அதே மரத்தடியில் போய் உட்காருங்கள். பறவை மீண்டும் வந்தால், இம்முறை எங்கே பார்க்க வேண்டும் என்பது உங்கள் குறிப்பிலேயே இருக்கும்: போன முறை பார்க்க முடியவில்லை என்று எழுதிய அந்தப் பகுதியை முதலில் பாருங்கள்.