கூட்டமைப்பை விட்டு ஒரு நாடு போனால் சரக்கு எந்த வழியில் போகும்?

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று ‘எகோவாஸ்’ எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பிலிருந்து விலகின. இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பிரிட்டன் விவகாரமும் இன்னும் ஓயவில்லை.

கேள்வி: நைஜரின் தலைநகர் நியாமேவுக்கு டூவீலர் உதிரிபாகங்கள் அனுப்புகிறோம். முன்பு பெனின் நாட்டின் கொட்டோனு துறைமுகம் வழியாகப் போகும். இப்போது டோகோவின் லோமே வழியாக அனுப்பச் சொல்கிறார் வாங்குபவர். அங்கே டியூட்டி ஏறுமா? பேப்பர்களில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?
— ஏற்றுமதியாளர், மண்ணடி

பதில்: டியூட்டி கவலையை விடுங்கள். எகோவாஸை விட்டு வந்தாலும் இந்த மூன்று நாடுகளும் சிஎஃப்ஏ ஃபிராங்க் புழங்கும் எட்டு நாடுகளின் சுங்க ஒன்றியத்தில் நீடிக்கின்றன. பெனின், டோகோ, ஐவரி கோஸ்ட், செனகல், கினி பிசாவு ஆகியவை மற்ற ஐந்து. வெளிநாட்டுச் சரக்குக்கு 0, 5, 10, 20, 35 சதவீதம் என்ற ஐந்து அடுக்கு வரி அங்கே அப்படியேதான் இருக்கிறது. கூடுதலாக, 2025 மார்ச்சில் மூன்று நாடுகளும் வெளியிலிருந்து வரும் இறக்குமதிக்கு 0.5 சதவீத லெவி, அதாவது தனி வரி, அறிவித்தன. அது வாங்குபவர் கணக்கு. அவர் அதைக் காட்டி உங்களிடம் விலையைக் குறைக்கச் சொன்னால், எகோவாஸுக்கும் இதே 0.5 சதவீத லெவி இருந்ததை நினைவுபடுத்துங்கள்.

சிக்கல் சாலையில் இருக்கிறது. நைஜரில் 2023 ஜூலை 26 ராணுவப் புரட்சிக்குப் பிறகு எகோவாஸ் தடை விதித்தது, பெனின் எல்லை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் தடை நீங்கிய பிறகும் நைஜர் தன் பக்கத்தைத் திறக்க மறுத்தது. கொட்டோனுவிலிருந்து நேர் வடக்கே ஏறி, நைஜர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நியாமே போகும் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம் பாதை இப்படித்தான் அடைபட்டது. லோமே வழியோ புர்கினா ஃபாசோவைக் குறுக்கே கடக்க வேண்டும். அந்த நாட்டின் கிழக்கிலும் வடக்கிலும் ஆயுதக் குழுக்கள் நடமாட்டம். லாரிகள் தனியாகப் போவதில்லை. போதிய வண்டிகள் சேர்ந்து, ராணுவப் பாதுகாப்பு கிடைத்த பிறகு கான்வாயாகக் கிளம்பும். அது என்றைக்கு என்று யாராலும் எழுதித் தர முடியாது. உங்கள் பேப்பர் வேலை எல்லாமே இந்தக் காத்திருப்பைக் கணக்கில் வைத்து நடக்க வேண்டும்.

விற்பனை நிபந்தனையை ‘சிஎஃப்ஆர் லோமே’ என்று, அதாவது லோமே துறைமுகம் வரை கப்பல் வாடகை மட்டும் உங்களுடையது என்று, வையுங்கள். ‘சிபிடி நியாமே’ என்று, அதாவது நியாமே வரை வாடகை உங்களுடையது என்று, ஒப்புக்கொண்டால் உள்நாட்டு லாரி வாடகை, கான்வாய் தாமதம் எல்லாம் உங்கள் தலையில் விழும். கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் இறக்கும் துறைமுகம் லோமே, சரக்கு விவரத்துக்குக் கீழே ‘நைஜருக்கு டிரான்சிட் சரக்கு’ என்ற வரி. அந்த வரி இல்லாவிட்டால் டோகோவுக்கான உள்நாட்டு இறக்குமதியாகக் கப்பலின் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்ட்டில் ஏறிவிடும்; திருத்தக் காசும் போகும், நாளும் போகும்.

சரக்கு சேரும் நாடு முன்கூட்டியே கேட்கும் பதிவு ஆவணமான கார்கோ டிராக்கிங் நோட் எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கப்பல் லோமேவுக்குப் போகிறது என்று டோகோவுக்கான நோட்டை எடுத்துவிடுகிறார்கள். சரக்கு கடைசியில் சேரும் நாடு நைஜர். நைஜருக்கான நோட் வேண்டும். கப்பல் கிளம்புவதற்கு முன்பே எடுத்து, அதன் எண்ணை பில் ஆஃப் லேடிங்கில் ஏற்றிவிடுங்கள். தவறினால் அங்கே அபராதம்.

அடுத்தது கண்டெய்னர். நியாமே வரை பெட்டி போனால், காலிப் பெட்டி லோமேவுக்குத் திரும்பும்வரை டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். கப்பல் கம்பெனியிடம் புக்கிங் நேரத்திலேயே ஃப்ரீ டேஸை, அதாவது அந்தக் கட்டணம் இல்லாத நாட்களை, 21 நாளாகக் கேளுங்கள். கப்பல் போன பிறகு கேட்டால் கிடைக்காது. அதைவிட நல்லது, லோமேவிலேயே பெட்டியைப் பிரித்து உள்ளூர் லாரிக்கு மாற்றுவது. அப்படியானால் பேக்கிங்கும் மாற வேண்டும்: ஒரு அட்டைப்பெட்டி 25 கிலோவைத் தாண்டக் கூடாது, ஒவ்வொன்றிலும் வரிசை எண், பேக்கிங் லிஸ்டில் அதே எண். கைமாறும் இடத்தில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்து டேலி எடுக்க இது இல்லாமல் முடியாது. பிரேக் ஷூவும் செயின் ஸ்ப்ராக்கெட்டும் சில்லறையாக விற்கும் சாமான். பத்துப் பெட்டி குறைந்தால் யாரைக் கேட்பது?

சென்னைப் பக்கம் கவனிக்க வேண்டியது ஒன்று. சுங்கத்திடம் தரும் ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில்லில் கொட்டோனு என்று போட்டுவிட்டு, சரக்கு துறைமுகத்தின் ஜீரோ கேட்டைத் தாண்டிய பிறகு மனம் மாறாதீர்கள். ஏற்றுமதி முடிந்த பிறகு சுங்கச் சட்டம் 149-ஆம் பிரிவில் திருத்தம் கேட்கலாம். ஆனால் ஏற்றுமதி நேரத்தில் ஏற்கெனவே இருந்த ஆவணத்தின் பேரில் மட்டும்தான் அதைத் தருவார்கள். துறைமுகத்தை மாற்றச் சொல்லி வாங்குபவர் போனில் சொன்னது ராஜாஜி சாலை சுங்க அலுவலகத்தில் செல்லாது. மெயிலாக வாங்கித் தேதியோடு வையுங்கள்.

கேள்வி: ‘ஆல் ரிஸ்க்’ மெரைன் பாலிசி எடுத்திருக்கிறோம். வழியில் லாரியைக் கொளுத்தினால் பணம் வருமா?
— ஃபார்வர்டிங் அலுவலக ஊழியர், தம்புச்செட்டித் தெரு

பதில்: ஆல் ரிஸ்க் என்று நாம் சொல்லும் ‘இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ் ஏ’வில் 6-ஆம் பிரிவு போரையும் உள்நாட்டுக் கிளர்ச்சியையும், 7-ஆம் பிரிவு வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றையும் விலக்கிவிடுகின்றன. தனியாகப் போருக்கான ‘வார்’ கிளாஸ் (ஷரத்து) வாங்கினாலும் அது கப்பலில் சரக்கு இருக்கும்வரைதான். கரையில் இறங்கிய பிறகு கிடையாது. கப்பல் சேர்ந்தும் சரக்கு இறங்காமலே கிடந்தால் 15 நாளில் முடிந்துவிடும். லாரிப் பயணத்தில் பயங்கரவாதச் சேதத்துக்குக் கைகொடுப்பது ‘ஸ்ட்ரைக்ஸ்’ கிளாஸ் மட்டும்தான்.

அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. லாரியை எரித்தவர்கள் பயங்கரவாதிகளா, அரசை எதிர்க்கும் கிளர்ச்சிக்காரர்களா? பயங்கரவாதம் என்றால் ஸ்ட்ரைக்ஸ் கிளாஸில் பணம் உண்டு. கிளர்ச்சி என்றால் அது போர் வகை. தரையில் பாதுகாப்பு இல்லை. இந்த மூன்று நாடுகளும் இருக்கும் சஹேல் பகுதியில் இந்தக் கோடு தெளிவாக இல்லை. எனவே பாலிசி எடுக்கும்போதே சாலையின் பெயரைச் சொல்லி, எந்த ஊர் வரை எந்த ஆபத்துக்குப் பாதுகாப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். பதில் எழுத இன்ஷூரன்ஸ்காரர் தயங்கினாலே விஷயம் புரிந்துவிடும். ஏற்றுமதிக் கடனுக்கான அரசு நிறுவனம் இசிஜிசி தரும் பாலிசி வேறு வகை: வாங்குபவர் பணம் தராவிட்டால் அது உதவும், சரக்கு எரிந்ததற்கு அல்ல.

கேள்வி: மாலியின் பமாக்கோவுக்கு டக்கார், அபிஜான், கொனாக்ரி மூன்றில் எது பாதுகாப்பு? கினி நாடு அந்த ஃபிராங்க் ஒன்றியத்தில் இல்லையாமே?
— வாசகர், ராயபுரம்

பதில்: இல்லைதான். ஆனால் இந்தியச் சரக்கு கினியைக் கடந்துதானே போகிறது. டியூட்டி மாலியில் கட்டுவது. சரக்கு வழியில் விற்கப்படாது என்று சுங்கத்துக்குத் தரும் உத்தரவாதமான டிரான்சிட் பாண்ட் சரியாக இருந்தால் போதும். ஒன்றியத்தில் இருப்பதும் இல்லாததும் அந்தப் பகுதியிலேயே உற்பத்தியாகும் பொருளுக்குத்தான் பெரிய வித்தியாசம். அதில் நோகப்போவது நைஜர்–நைஜீரியா வியாபாரம். 1,500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் எல்லை. நைஜீரியா ஃபிராங்க் ஒன்றியத்தில் இல்லாததால் வரியில்லா வணிகத்துக்கு எகோவாஸ் ஒன்றுதான் கூரை. இப்போதைக்கு, அடுத்த அறிவிப்பு வரை பழைய சலுகை தொடரும் என்று எகோவாஸ் தன் உறுப்பினர்களிடம் சொல்லியிருக்கிறது. அடுத்த அறிவிப்பை நம்பி ஒரு வருட ஒப்பந்தம் போட முடியாது.

உங்கள் கேள்விக்கு வருவோம். டக்கார் சாலை கயேஸ் நகர் வழியாக பமாக்கோ போகிறது. 2025 செப்டம்பரில் ஜேஎன்ஐஎம் என்ற ஆயுதக் குழு அந்தப் பக்கம் முற்றுகை அறிவித்து, டேங்கர் லாரிகளைக் கொளுத்தியது. தலைநகரிலேயே பெட்ரோல், டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அபிஜானிலிருந்து வரும் டேங்கர்களும் தப்பவில்லை. நிலைமை வாரத்துக்கு வாரம் மாறுவதால் எங்களால் ஒரு துறைமுகத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. அந்த வாரம் பமாக்கோ போய்ச் சேர்ந்த லாரிகள் எந்த வழி வந்தன என்று வாங்குபவரின் டிரான்சிட் ஏஜெண்டிடம் கேட்டு, அதன் பிறகு புக் செய்யுங்கள்.

கேள்வி: தோல் பைகளை ராட்டர்டாம் கிடங்கில் இறக்கி, ஆர்டருக்கு ஏற்ப ஜெர்மனிக்கும் லண்டனுக்கும் பிரித்து அனுப்புகிறோம். லண்டன் வாடிக்கையாளர் இரண்டாவது முறை டியூட்டி கட்டினாராம். ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வரியே கிடையாது என்கிறார்களே?
— தோல் பொருள் வியாபாரி, பெரியமேடு

பதில்: 2021 ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் ஒப்பந்தத்தில் வரி இல்லாதது, அந்த இரு தரப்பிலும் *உற்பத்தியான* பொருளுக்குத்தான். உங்கள் பை சென்னையில் தைத்தது. ராட்டர்டாமில் டியூட்டி கட்டி வெளியே எடுத்த பிறகும் அது இந்தியப் பொருள்தான். பிரிட்டன் எல்லையில் மறுபடி டியூட்டி விழத்தான் செய்யும்.

ராட்டர்டாமில் டியூட்டி கட்டாமல் வைக்கக்கூடிய சுங்க பாண்ட் கிடங்கிலேயே சரக்கை வையுங்கள். லண்டன் பங்கை அங்கிருந்து ‘டி1’ டிரான்சிட் ஆவணத்தில் அனுப்பினால் ஐரோப்பிய டியூட்டி கட்ட வேண்டியதில்லை; பொது டிரான்சிட் உடன்படிக்கையில் பிரிட்டன் தனி உறுப்பினராகத் தொடர்கிறது. பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்று காட்டும் மூலச் சான்றும் இரண்டு விதம். ஐரோப்பாவுக்கு 6,000 யூரோவைத் தாண்டிய சரக்குக்கு ‘ரெக்ஸ்’ எனும் பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் எண்ணோடு உறுதிமொழி வேண்டும். பிரிட்டன் ரெக்ஸ் முறையை ஏற்பதில்லை. 2023 ஜூன் 19 முதல் அதற்கு டிசிடிஎஸ் என்ற சொந்தச் சலுகைத் திட்டம். அதற்கு இன்வாய்ஸில் மூல அறிவிப்போ படிவம் ‘ஏ’யோ போதும். ஒரே இன்வாய்ஸில் இரண்டு பங்கையும் போட்டால் இரண்டு சலுகையும் சிக்கலாகும். சென்னையிலேயே இரண்டாகப் பிரித்து இன்வாய்ஸ் போடுவது சுலபம். லண்டன் ஆர்டர் சீராக வருகிறது என்றால், ராட்டர்டாமை விட்டுவிட்டு நேரே அனுப்புவதே எங்கள் யோசனை. 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தின் சலுகை, சரக்கு அங்கே இறக்குமதியாகும் தேதியில் ஒப்பந்தம் அமலில் இருந்தால்தான். அதன் மூலவிதி தனி. டிசிடிஎஸ் பேப்பர் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: வணிகக் கூட்டமைப்பை விட்டால் பாதுகாப்பு ஏன் கெடுகிறது?
— கல்லூரி மாணவி, வண்ணாரப்பேட்டை

பதில்: வணிகத்துக்காகத் திறந்த எல்லையைக் காக்க, போலீஸ் தகவலும் ராணுவமும் அதே மேசையில் பேசப்பட்டவை என்பதால். 2019-இல் பிரிட்டிஷ் போலீஸ் தேடப்படுபவர் விவரம் உள்ள ஐரோப்பாவின் எஸ்ஐஎஸ் தகவல் தளத்தில் 60 கோடி தடவைக்கு மேல் தேடியது. 2020 டிசம்பர் 31 இரவோடு அந்த வாசல் மூடியது. தேடப்படுபவர் பட்டியலுக்கு இன்டர்போல் அறிவிப்பு என்ற மெதுவான வழி மிஞ்சியது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் இன்னும் ஒரு படி போய், 2025 மார்ச்சில் சாட் ஏரிப் பகுதியின் கூட்டுப் படையிலிருந்தும் விலகியது. நைஜீரியப் படை துரத்தும் ஆள் எல்லையைத் தாண்டிவிட்டால், அந்தப் பக்கம் பிடிக்க ஏற்பாடு வேண்டுமல்லவா? மூன்று நாடுகளும் தங்களுக்குள் 5,000 பேர் கொண்ட படை ஒன்றை அறிவித்திருக்கின்றன. மூன்று நாட்டுப் பரப்புக்கு அது சொற்பம்.

கேள்வி: 2019-இல் இந்தியா ‘ஆர்செப்’ எனும் ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தை விட்டதும் இதே கதையா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: இல்லை. அது பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்து வந்தது. உறுப்பினராக இருந்து விலகவில்லை. 2010 முதல் இருக்கும் ஆசியான் ஒப்பந்தம் தொடர்கிறது.

கேள்வி: என் தம்பிக்கு மாலியில் மின்கம்பி இழுக்கும் வேலை, நல்ல சம்பளம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். எமிகிரேஷன் கிளியரன்ஸ் தேவையில்லை, அதனால் பயமில்லை என்கிறார். அனுப்பலாமா?
— வாசகி, எண்ணூர்

பதில்: வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கிளியரன்ஸ் கட்டாயமான 18 நாடுகளில் மாலி இல்லை என்பது உண்மை. அதற்கு நாடு பத்திரமானது என்று பொருள் இல்லை. உங்கள் தம்பியின் ஒப்பந்தத்தைப் புறப்படுமுன் அரசு அதிகாரி யாரும் பார்க்கமாட்டார் என்றுதான் பொருள். 2025 ஜூலை 1 அன்று கயேஸில் ஒரு சிமெண்ட் ஆலையிலிருந்து மூன்று இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள். நவம்பரில் மின்சாரத் திட்ட வேலையில் இருந்த ஐந்து பேர் கடத்தப்பட்டார்கள், அவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். கம்பி இழுக்கும் வேலை நகரத்துக்குள் நடப்பதில்லை. ஊருக்கு வெளியே, சாலையோரமாக நடக்கிறது.

போவதென்றே முடிவானால், முதலில் அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அந்த ஏஜெண்டின் பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவுள்ள ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் வேலை நடக்கும் ஊரின் பெயர் இருக்க வேண்டும். ‘மாலி’ என்று மட்டும் போட்டிருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. முகாமிலிருந்து வேலையிடத்துக்கு யார் பாதுகாப்பில் போகிறார்கள், கம்பெனி இன்ஷூரன்ஸில் கடத்தல் சேர்ந்திருக்கிறதா, இடையில் திரும்பினால் டிக்கெட் யார் செலவு என்று எழுத்தில் கேளுங்கள். பமாக்கோவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. இறங்கிய அன்றே அங்கே பெயரைப் பதியச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும், கம்பெனி மேலாளரின் நேரடி எண்ணும் எண்ணூர் வீட்டில் இருக்கட்டும்.