மிதக்கும் தீவில் ஏன் எல்லோரும் பிறக்கிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறுதோறும் ஐந்து நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, கதாபாத்திரமாக மாறி விளையாடும் மேசை விளையாட்டு) நடத்துகிறேன். 2024 விதிகள்தான். உலகம் மட்டும் சொந்தம், அதுவும் ஒன்றல்ல, மூன்று: எரிமலை உலகம், தண்ணீரும் உலோகமும் அரிதான வறண்ட உலகம், மிதக்கும் தீவுகள். கேரக்டர் எங்கே பிறந்ததோ அதற்கேற்ற பலன் வேண்டும் என்று ஒரு விதி எழுதினேன். எரிமலையில் பிறந்தால் ஃபயர் ரெசிஸ்டன்ஸும் (நெருப்புச் சேதம் பாதியாகும்) கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) +1-ம். வறண்ட உலகம் என்றால் சர்வைவல் ஸ்கில் (வெளியில் பிழைத்திருக்கும் திறன்). மிதக்கும் தீவு என்றால் 30 அடி பறக்கும் வேகம்.

ஐவரில் நால்வர் தீவுக்காரர்களாகிவிட்டார்கள். ஐந்தாமவர் எரிமலை. அவரும் 2014-இன் பழைய விதிப் புத்தகத்திலிருந்து மவுன்டன் ட்வார்ஃபைத் (மலைக் குள்ளர்) தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நான் அதிகம் உழைத்தது வறண்ட உலகத்துக்குத்தான். அங்கே ஆளே இல்லை. இந்தப் பலன்களை எப்படிச் சமப்படுத்துவது? இரண்டு செஷன்தான் ஆகியிருக்கிறது. இப்போது மாற்றலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாற்றலாம். ஆனால் சமப்படுத்த வேண்டாம், எடுத்துவிடுங்கள். சர்வைவலோடு இன்னொரு ஸ்கில் சேர்த்தால் தராசு நேராகிவிடும் என்று தோன்றும். ஆகாது. முதல் லெவலில் பறப்பதற்கு ஈடாக எதை வைத்தாலும் போதாது.

2024 புத்தகமே பறத்தலை எப்படி அளந்து கொடுக்கிறது என்று பாருங்கள். ஆசிமாருக்கு (வானவர் வழிவந்தவர்) சிறகு முளைப்பது 3-ஆம் லெவலில், அதுவும் ஒரு நிமிடத்துக்கு. டிராகன்பார்னுக்கு (டிராகன் வழிவந்தவர்) 5-ஆம் லெவலில், பத்து நிமிடம், ஒரு லாங் ரெஸ்டுக்கு (இரவுத் தூக்கம் போன்ற நீண்ட ஓய்வு) ஒருமுறை. விஸார்டுக்கு ஃப்ளை மந்திரம் கைக்கு வருவதும் 5-இல்தான், அதற்கும் கான்சன்ட்ரேஷன் (இடைவிடாத கவனம்) வேண்டும். நீங்கள் அதை முதல் நாளே நிரந்தரமாகக் கொடுத்திருக்கிறீர்கள். லாங்போ வைத்திருப்பவர் மேலே ஏறி நின்றால் கீழே இருக்கும் ஓநாயும் ஜோம்பியும் அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். பள்ளம், மதில், ஆறு எதுவும் இனி தடையில்லை. நால்வர் தீவில் பிறந்தது ஆசையால் அல்ல, கணக்கால்.

எரிமலையின் கோளாறு வேறு மாதிரி. டீஃப்ளிங்கில் (கீழுலக வழிவந்தவர்) இன்ஃபர்னல் வழியில் வருபவருக்கு ஏற்கெனவே ஃபயர் ரெசிஸ்டன்ஸ் உண்டு. ஒரே ரெசிஸ்டன்ஸ் இரண்டு இடத்திலிருந்து வந்தாலும் சேதம் ஒருமுறைதான் பாதியாகும். ஆக, எரிமலையில் பிறக்க யாரைவிடவும் பொருத்தமான டீஃப்ளிங்குக்கு அங்கே பிறந்தால் பாதிப் பலன் வீண். கதைக்கு எது இயல்போ அதை உங்கள் விதி தண்டிக்கிறது. ஊருக்கு எண் கொடுத்தால் சீக்கிரமோ தாமதமாகவோ இது நடக்கும்.

இப்போது அந்த ட்வார்ஃப். ‘பாயின்ட் பை’ (புள்ளிகளைச் செலவழித்து எண்களை வாங்குவது) முறையில் 27 புள்ளிகள். ஒரு எபிலிட்டியை (கேரக்டரின் ஆறு அடிப்படைத் திறன்களில் ஒன்று) 15 ஆக்க 9 புள்ளி. ஸ்ட்ரெங்த்தும் கான்ஸ்டிட்யூஷனும் 15 என்று வைத்துக்கொள்வோம். 2014 மவுன்டன் ட்வார்ஃப் இரண்டுக்கும் +2 தருகிறது. 2024 சோல்ஜர் பேக்ரவுண்டிலிருந்து (பேக்ரவுண்ட் என்பது கேரக்டரின் முந்தைய தொழில்) கான்ஸ்டிட்யூஷனுக்கு +2, ஸ்ட்ரெங்த்துக்கு +1. உங்கள் எரிமலை +1. கூட்டினால் கான்ஸ்டிட்யூஷன் 20, ஸ்ட்ரெங்த் 18, முதல் லெவலில்! முறையாகப் போட்டால் 17-ம் 16-ம்தான் வரவேண்டும். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை, இந்தத் தவறு பல மேசைகளில் நடப்பதுதான். பழைய புத்தகத்து ஸ்பீஷீஸை (ட்வார்ஃப், டீஃப்ளிங் போன்ற பிறப்பு வகை) எடுத்தால் அதிலுள்ள எபிலிட்டி உயர்வுகளை விட்டுவிட வேண்டும் என்று 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் தெளிவாகவே சொல்கிறது. பழைய பேக்ரவுண்டை எடுத்தால் அதற்கு நேரெதிர்: அதில் இல்லாத +2, +1 உயர்வையும் (அல்லது மூன்று +1) ஒரு ஆரிஜின் ஃபீட்டையும் (தொடக்கத்திலேயே கிடைக்கும் சிறப்புத் திறன்) சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயர்வு பேக்ரவுண்டுக்குப் போனது ஏன் என்று கேட்பார்கள். 2014-இல் பலம் ரத்தத்தில் இருந்தது. உயர்வெல்லாம் உடல்பலத்துக்கே போன ஹாஃப்-ஆர்க், விஸார்டாக விரும்பினால் ஆரம்பத்திலேயே பின்தங்கினார். 2020-இல் வந்த டாஷா என்ற துணை விதித் தொகுப்பு அந்த எண்களை விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள விட்டது. 2024-இல் அவை முழுவதுமாக பேக்ரவுண்டுக்கு வந்துவிட்டன. இடையில் ரேஸ் என்ற சொல்லும் போய் ஸ்பீஷீஸ் ஆனது. (தமிழில் ‘இனம்’ என்று எழுதினால் பழைய சிக்கல் அப்படியே திரும்பி வருகிறது. அதனால்தான் ஸ்பீஷீஸ் என்றே எழுதுகிறேன்.) ஆனால் சிக்கல் தீர்ந்ததா? பிறப்பிலிருந்து தொழிலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஃபார்மர் பேக்ரவுண்டில் ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிட்யூஷன், விஸ்டம் மட்டுமே உண்டு. எனவே உழவர் வீட்டில் பிறந்த விஸார்டுக்கு இன்டெலிஜென்ஸில் ஒரு புள்ளி கூடக் கிடையாது. எல்லா விஸார்டும் இன்டெலிஜென்ஸ் தரும் சேஜ் (அறிஞர்) பேக்ரவுண்டுக்குப் போவது இதனால்தான்.

உங்களுக்கு வேண்டிய வழி இங்கேதான் இருக்கிறது. உலகத்தை கிளாஸ் (விஸார்ட், ஃபைட்டர் போன்ற வகை), ஸ்பீஷீஸ், பேக்ரவுண்ட் மூன்றுக்கும் மேல் நான்காவது அடுக்காகப் போடாதீர்கள், பேக்ரவுண்டுக்குள் வையுங்கள். புது பேக்ரவுண்ட் எழுத டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடிலேயே வழி இருக்கிறது: மூன்று எபிலிட்டி, ஒரு ஆரிஜின் ஃபீட், இரண்டு ஸ்கில், ஒரு கருவி, 50 தங்கத்துக்குப் பொருள். இதைத் தாண்டாத வரை எந்த உலகமும் இன்னொன்றைவிடக் கொழுக்காது.

மூன்று எபிலிட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆறிலிருந்து மூன்று எடுக்க 20 வழி. பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இருப்பவை 16 பேக்ரவுண்டுகள், எதுவும் இன்னொன்றைத் திருப்பிச் சொல்லவில்லை. மிச்சம் நான்கு: ஸ்ட்ரெங்த்-கான்ஸ்டிட்யூஷன்-இன்டெலிஜென்ஸ், ஸ்ட்ரெங்த்-கான்ஸ்டிட்யூஷன்-கரிஸ்மா, ஸ்ட்ரெங்த்-விஸ்டம்-கரிஸ்மா, டெக்ஸ்டெரிட்டி-இன்டெலிஜென்ஸ்-கரிஸ்மா. இந்த நான்கு காலி மனையில் உங்கள் வறண்ட உலகத்தைக் கட்டுங்கள். பாலடினுக்கு (புனிதப் போர்வீரர்) ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிட்யூஷன், கரிஸ்மா மூன்றும் வேண்டும், ஆனால் புத்தகத்தில் மூன்றும் சேர்ந்த பேக்ரவுண்ட் ஒன்றுகூட இல்லை. அது உங்கள் வறண்ட உலகத்தில் மட்டும் கிடைக்கும் என்றால் யாராவது அங்கே பிறந்தே தீருவார்கள்.

ஒன்றை எழுதிப் பார்ப்போம். ஊருணிக் காவலர். ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிட்யூஷன், கரிஸ்மா. ஃபீட் டஃப், அதாவது லெவலுக்கு 2 ஹிட் பாயின்ட் கூடுதல். ஸ்கில் இன்டிமிடேஷன், சர்வைவல். கருவி குயவர் கருவி, 10 தங்கம். கல்முனை ஈட்டி 1, ஹீலர்ஸ் கிட் 5, பயண உடை 2, படுக்கைச் சுருள் 1, தோல் தண்ணீர்ப்பை இரண்டு 4 வெள்ளி. மொத்தம் 19 தங்கம் 4 வெள்ளி. மீதி 30 தங்கம் 6 வெள்ளி கையில். இந்தக் கூட்டலை விட்டுவிடாதீர்கள். புத்தகத்து ஃபார்மரின் பொருட்களைக் கூட்டிப் பாருங்கள், அரிவாளிலிருந்து இரும்புப் பானை வரை எல்லாம் சேர்ந்து சரியாக 50 வரும்.

ஒரு உலகத்துக்கு ஒரே பேக்ரவுண்ட் வைத்தால் மறுபடி பழைய கதைதான். பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் ஆரிஜின் ஃபீட்டுகள் பத்தும் ஒரே எடை இல்லை. ஒரு ஊருக்கு லக்கி, இன்னொரு ஊருக்கு கிராஃப்டர் என்றால் கூட்டம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உலகத்துக்கு மூன்று எழுதுங்கள், ஃபீட்டைக் கலந்து போடுங்கள்.

மொழிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். காமன் எல்லோருக்கும், கூடவே இரண்டு மொழி என்பது விதி. அந்த இரண்டில் ஒன்று பிறந்த உலகத்து மொழியாக இருக்கட்டும். காமனை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஐந்து பேரும் முதல் செஷனில் ஜாடையில் பேசவேண்டி வரும்.

அப்படியானால் உலகத்துக்கென்று தனி விதியே கிடையாதா? உண்டு. அது கேரக்டர் ஷீட்டில் எழுதும் விதியல்ல, அந்த மண்ணில் கால் வைக்கும் எல்லோருக்கும் பொருந்தும் விதி. 1991-இல் வந்த டார்க் சன் என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகத் தொகுப்பு இதை அழகாகச் செய்தது. அதன் உலகம் அதாஸ், பாலைவனம். அங்கே எபிலிட்டிக்கு 3டி6 (மூன்று ஆறுமுகப் பகடையின் கூட்டு) கிடையாது, 4டி4+4 (நான்கு நாலுமுகப் பகடையின் கூட்டோடு 4). சராசரி பத்தரையிலிருந்து பதினான்குக்குப் போகிறது. தொடக்கமே 3-ஆம் லெவல். கொடுத்தது எல்லோருக்கும். எடுத்ததும் எல்லோரிடமிருந்தும்: உலோகம் மிக அரிது, தெய்வங்கள் இல்லை, நோம் என்ற ஸ்பீஷீஸே பூண்டோடு அழிந்துவிட்டது. டிராகன்லான்ஸ் கதைகளின் உலகமான கிரினில் ஆர்க் கிடையாது, தங்கத்துக்குப் பதில் எஃகு நாணயம். அங்கே சொலாம்னிய வீரருக்கு 2022 புத்தகம் தனி ஃபீட் கொடுக்கிறது, ஆனால் அதைக் கொடுப்பது மண் அல்ல, அவர் சேர்ந்திருக்கும் அமைப்பு.

அதாஸின் விலைப்பட்டியல் உத்தியை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். புத்தக விலையை மாற்றவே வேண்டாம். உலோகப் பொருளுக்கு அச்சிட்ட விலை. மற்றதெல்லாம் அதில் நூற்றில் ஒரு பங்கு. அவற்றுக்கு ‘தங்கம்’ என்று இருக்கும் இடத்தில் மண்காசு என்று படியுங்கள், நூறு மண்காசு ஒரு தங்கம். லாங்ஸ்வோர்ட் 15 தங்கம், அதாவது 1,500 மண்காசு. தொடக்கத்துப் 50 தங்கமும் அங்கே 50 மண்காசுதான். ஊருணிக் காவலரின் பையில் உலோகமாக ஏதும் வைக்காதது இதற்காகத்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபைட்டரும் பாலடினும் தொடக்கத்தில் எடுப்பது செயின் மெயில் (சங்கிலிக் கவசம்), ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 16, விலை 75 தங்கம். அதைப் பிடுங்கினால் அடிபடுவது அவர்கள் இருவரும்தான். மாங்க்குக்கும் விஸார்டுக்கும் ஒன்றும் ஆகாது. எனவே எலும்பும் ஓடும் கோத்த கவசம் என்று பெயரை மாற்றி, அதே 16, அதே எடை என்று விட்டுவிடுங்கள். பஞ்சம் வாங்கும் இடத்தில் தெரியட்டும், தொடங்கும் இடத்தில் வேண்டாம்.

தண்ணீருக்கு வருகிறேன், வறண்ட உலகங்கள் பெரும்பாலும் உடைவது இங்கே. மீடியம் அளவுள்ள (மனிதர் அளவு) ஒருவருக்கு நாளுக்கு ஒரு கேலன். பாதிக்கும் குறைவாகக் குடித்தால் நாள் முடிவில் ஒரு எக்ஸாஸ்ஷன் (களைப்பு நிலை). ஒவ்வொரு எக்ஸாஸ்ஷனுக்கும் டி20 (இருபதுமுகப் பகடை) உருட்டல்களில் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும், ஆறானால் மரணம். கடுமையான விதிதான். ஆனால் கிளெரிக்கும் ட்ரூயிடும் முதல் லெவலிலேயே போடும் கிரியேட் ஆர் டெஸ்ட்ராய் வாட்டர் ஒரே தடவையில் பத்து கேலன் தருகிறது. உங்கள் ஐவருக்கு நாளுக்கு வேண்டியது ஐந்து. ஒரு ஸ்பெல் ஸ்லாட்டில் (ஒருமுறை மந்திரம் போடும் வாய்ப்பு) இரண்டு நாள் தாகம் தீர்ந்தது, உங்கள் உழைப்பும் தீர்ந்தது. இதை விளையாட்டுக்கு நடுவே கண்டுபிடித்து மந்திரத்தைத் தடை செய்தால் கிளெரிக் கோபிப்பார், நியாயம்தான். முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்: இந்த உலகில் அந்த மந்திரம் நீரை உண்டாக்காது, ஒரு மைல் சுற்றளவில் இருக்கும் நீரை இழுத்து வரும். யாருடைய கிணற்றிலிருந்து என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஊருணிக் காவலருக்கு வேலையும் வந்துவிடும்.

தீவுக்காரர்களிடமிருந்து சிறகைப் பிடுங்கினால் முகம் தொங்கிப்போகும். அதனால் சிறகை ஆளிடமிருந்து எடுத்துத் தீவுக்குக் கொடுங்கள். மிதக்கும் தீவுகளின் காற்றில் யார் வேண்டுமானாலும் 30 அடி பறக்கலாம். விருந்தாளி, எதிரி, ஓநாய் எல்லோரும்தான். தீவை விட்டு இறங்கினால் யாருக்கும் இல்லை. அங்கே பிறந்தவர்கள் அந்தக் காற்றில் வளர்ந்தவர்கள் என்பதற்காக ஒரு பேக்ரவுண்டில் அக்ரோபேட்டிக்ஸ் வையுங்கள், போதும். அடுத்த செஷனுக்கு முன் ஐவருக்கும் பேக்ரவுண்டை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுங்கள். கிளாஸையும் ஸ்பீஷீஸையும் தொடவேண்டாம், இரண்டு செஷனில் நடந்த கதையும் அப்படியே நிற்கட்டும்.

ட்வார்ஃப் நண்பரிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள். ஐந்து புள்ளி போகிறது, வலிக்கும். பழையதை விட்டுப் புதிய புத்தகத்து ட்வார்ஃபை எடுக்கச் சொல்லுங்கள். டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) 60 அடி இருந்தது 120 ஆகிறது. வேகம் 25 இருந்தது 30. லெவலுக்கு ஒரு ஹிட் பாயின்ட் கூடுதல். ஸ்டோன்கன்னிங் என்று ஒன்று இருக்கிறது: கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கையில் ஒரு போனஸ் ஆக்ஷனில் பத்து நிமிடத்துக்கு 60 அடி ட்ரெமர்சென்ஸ் (அதிர்வை வைத்து ஆளை அறிவது), முதல் லெவலில் லாங் ரெஸ்டுக்கு இரண்டு முறை. எரிமலை உலகில் அவர் கால் வைக்கும் இடமெல்லாம் கல்.