வயரில்லா இஸ்திரிப் பெட்டி: இந்த மாதம் வந்த கேள்விகள்

புது வண்ணாரப்பேட்டை வாசகர்: கார்ட்லெஸ் ஸ்டீம் அயர்ன் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. ராத்திரி முழுக்க ஸ்டாண்டில் வைத்து சார்ஜ் போட்டும் ஒரு சட்டைகூடத் தாண்ட மாட்டேன் என்கிறது. பேட்டரி போய்விட்டதா?

இதில் பேட்டரியே கிடையாது. ஸ்டாண்டில் உட்காரும்போது கரண்ட் ஏறி அடித்தகடு சூடாகிறது, கையில் எடுத்ததும் கரண்ட் நின்றுவிடும், தகட்டில் தேங்கிய சூடு இருக்கும்வரைதான் தேய்க்க முடியும். அரை நிமிஷம் தேய்த்தால் பத்துப் பதினைந்து வினாடி ஸ்டாண்டில் வையுங்கள், அவ்வளவுதான் கணக்கு. ராத்திரி முழுக்க சுவிட்சைப் போட்டு வைத்தீர்களே, அதை மட்டும் இனி செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டேங்கில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

திருவொற்றியூர் வாசகி: முதலில் ஸ்டீம் நன்றாக வருகிறது. பாதிச் சட்டையில் தண்ணீராகச் சொட்டுகிறது. கடையில் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள்.

மாற்ற வேண்டிய கோளாறு இல்லை அம்மா. ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும், கொதித்த தண்ணீர் ஆவியாக மேலும் 540 கலோரி வேண்டும். வயர் உள்ள பெட்டிக்கு அந்தச் சூடு வந்துகொண்டே இருக்கும், உங்கள் பெட்டி கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. ஸ்டீம் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் தகடு ஆறிப்போய், தண்ணீர் ஆவியாகாமல் அப்படியே இறங்குகிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் நாபை இரண்டு புள்ளிக்குக் கீழே வைத்தாலும் இதே கதைதான். சூடு முழுசாக இருக்கும்போது காலரும் கையின் பட்டியும், அப்புறம் முதுகு. சட்டையைத் திருப்பிப் போடும் ஒவ்வொரு தடவையும் பெட்டி ஸ்டாண்டுக்குப் போக வேண்டும், கட்டில் மேல் நிறுத்தக் கூடாது.

வியாசர்பாடி: சின்ன பிளக் பாயின்ட்டில் கன்வெர்ட்டர் போட்டு மாட்டலாமா?

கூடாது. 2000 வாட் என்றால் 9 ஆம்பியர் இழுக்கும், சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. நம் பக்கத்துப் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் வயரிங் எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பவர் பாயின்ட் ஒன்று தனியாக இழுத்துக்கொள்ளுங்கள்.

காலடிப்பேட்டை வாசகி: "காய்ச்சி வடித்த நீர் ஊற்றவும்" என்று பெட்டியோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. நானும் போர் தண்ணீரை நன்றாகக் காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுகிறேன். ஆனாலும் கறுப்புப் பேன்ட்டில் வெள்ளைத் தூளாகக் கொட்டுகிறது. ஏன்?

இந்தக் கேள்வியைப் பல வருஷமாக வெவ்வேறு வாயால் கேட்டுவருகிறேன், தப்பு உங்கள் மேல் இல்லை, அந்த வார்த்தை மேல். காய்ச்சி வடித்த நீர் என்றால் கொதிக்கும் ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து எடுத்த தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர். துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், கரைந்திருக்கும் உப்பு ஒரு துளிகூட நிற்காது. காய்ச்சும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் பாத்திரத்தின் அடியில் படியும், மற்ற உப்பெல்லாம் தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும்.

நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1000 என்றே வைத்துக்கொள்வோம், லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. கால் லிட்டர் டேங்கை வாரம் இரண்டு தடவை நிரப்பினால் வருஷத்துக்கு 25 கிராம், அதாவது நாலைந்து டீஸ்பூன். அதில் பாதி உங்கள் துணியில், பாதி பெட்டிக்குள். அப்படி ஒரு பெட்டியைப் போன வாரம் திறந்தேன். ஆவி அறை முழுக்க முட்டை ஓடு போல வெள்ளைப் பொருக்கு, அடித்தகட்டு ஓட்டைகளில் பாதி அடைத்து, அடைத்ததை ஊசியால் குத்திய கீறல் வேறு. வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்குகிற சாமான் இப்படிப் போகிறதே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

ஆகவே, வீட்டில் குடிக்க வாங்கும் ஆர்.ஓ. கேன் தண்ணீர் போதும், ஒரு டேங்குக்கு ஒரு டம்ளர்தானே. மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை. காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், அதுவும் நம் பக்கம் வருகிறது. பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்தால் இன்னும் நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, சென்ட் கலந்த தண்ணீர் எதுவும் வேண்டாம். இப்போதைக்கு டேங்கில் நல்ல தண்ணீர் நிரப்பி, மூன்று புள்ளியில் முழுசாகச் சூடாக்கி, சிங்க் மேல் பிடித்து ஸ்டீம் பட்டனை அழுத்தி ஆட்டுங்கள். நாலைந்து தடவை செய்தால் பொருக்கு வெளியே வரும். கை பத்திரம், வருவது கொதிநீர்.

இன்வெர்ட்டரில் ஓடுமா?

வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது. போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

கொடுங்கையூர்: பெட்டி சரியில்லை, என்ன செய்யலாம்?

என்ன சரியில்லை? சூடாகவில்லையா, ஒழுகுகிறதா, ஸ்டாண்டில் விளக்கு எரிகிறதா, என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? நாலு வரி எழுதினால்தானே பதில் சொல்ல முடியும். அதுவரை ஸ்டாண்டின் முனைகளையும் பெட்டியின் பின்பக்க முனைகளையும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் அங்கே பாசி போலப் பச்சை பிடிக்கும்.

பட்டுப்புடவைக்கு ஸ்டீம் போடலாமா?

வேண்டாம். ஒரு புள்ளிச் சூட்டில் ஸ்டீம் வராது, சொட்டு விழும், பட்டில் சொட்டு விழுந்தால் திட்டு நிற்கும். டேங்கைக் காலி செய்துவிட்டு உள்பக்கமாக, ஜரிகை மேல் மெல்லிய பருத்தித் துணி போட்டுத் தேய்க்கலாம்.

பழைய வண்ணாரப்பேட்டை: கஞ்சி போட்ட எட்டு முழ வேட்டி மொடமொடவென்று நிற்க மாட்டேன் என்கிறது. அடித்தகட்டில் பழுப்பாக ஒட்டுகிறது.

ஒட்டுவது கருகிய கஞ்சி. வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத் துணியால் துடைத்துவிட்டால் வந்துவிடும், கத்தியால் சுரண்டாதீர்கள். வேட்டி விஷயத்தில் உள்ளதைச் சொல்கிறேன், மூன்றரை மீட்டர் கஞ்சித் துணிக்குக் கனமான பெட்டியும் விடாத சூடும் வேண்டும், இந்தப் பெட்டிக்கு அது ஆகாது. சட்டை, சுடிதார், பிள்ளைகளின் யூனிஃபார்ம் இதில் தேயுங்கள். வேட்டியைத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுங்கள், என் வேட்டிகளும் அங்கேதான் போகின்றன.